மூன்றாவது தடவை ரசம்

வியாழக்கிழமைகளில் நான் சமைப்பதில்லை. ஒருத்திக்காக அரிசி களைந்து, குழம்பு கூட்டி, மிச்சத்தை மறுநாளும் நானே தின்று தீர்ப்பதில் என்ன ருசி இருக்கிறது? காரைக்குடியில் அந்தப் பெரிய கடைக்குப் போய்விடுவேன். கீழே மளிகை, அதற்கு மேல் பாத்திரம், அதற்கு மேல் துணி, உச்சியில் சாப்பாட்டு ஹால். நாங்கள் அதை மாடி ஓட்டல் என்போம். என் வீட்டுக்காரர் இருந்தவரை மாதச் சாமான் வாங்கிவிட்டு அங்கேதான் சாப்பிடுவோம். அவருக்கு அந்த ரசம் பிடிக்காது. வெந்நீருக்குப் புளியைக் காட்டிவிட்டு எடுத்துவிட்டார்கள் என்பார். அவர் போய் இரண்டு வருடமாகிறது. ரசம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது வாங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சோப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் லிப்டில் ஏறுவேன். வெறுங்கையோடு போனால், சோறு தின்ன மட்டும் வந்திருக்கிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். யார் நினைக்கப் போகிறார்கள்? என்னை யாரும் பார்ப்பதே இல்லை. அது தெரிந்தும் வாங்குகிறேன். வீட்டில் இப்போது சோப்புக்கடையே வைக்கலாம்.

அன்றைக்கு ஹாலில் நிற்க இடமில்லை. கண்டரமாணிக்கம் பக்கமிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வந்த கூட்டம். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஆளுக்கொரு வேனில் வந்து, சேலை எடுத்த கையோடு சாப்பிட ஏறியிருந்தார்கள். பரிமாறுகிறவர் அவர்கள் மேசையின் ஓரத்திலேயே எனக்கும் ஓர் இலை போட்டார். பக்கத்திலிருந்த பெண் வீட்டுக்காரர் ஒருவர் என்னை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்து, மரியாதையாக அப்பளத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எதிரே என் வயதில் ஓர் அம்மாள். நெற்றியில் திருநீறு மட்டும். யாரோடும் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

நான் ரசத்துக்கு வந்தபோது தாம்பாளமும் வந்தது. முகூர்த்தப் பட்டை மஞ்சள், குங்குமம், பூவோடு வைத்து, சுமங்கலிகள் ஒவ்வொருவராகத் தொட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டில் சாமி முன்னால் செய்கிற காரியம். இவர்கள் அன்றைக்கே, நல்ல நேரத்துக்குள் முடித்துவிட நினைத்தார்கள்; சேலையைத் தேர்ந்தெடுப்பதற்குள் மதியமாகிவிட்டது, ஒன்றரைக்கு ராகு காலம். அதனால் சாப்பாட்டு ஹாலிலேயே தாம்பாளம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதை ஏந்தி வந்தவர் மாப்பிள்ளையின் அத்தை. சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவி வந்து தொட்டார்கள். அவர் என்னிடம் வந்து நின்றார்.

“பொண்ணுக்குப் பெரியம்மாதான நீங்க? கையக் கழுவிட்டு வந்து தொட்டுக் குடுங்க.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்கள்கூட இப்போது எனக்குப் பத்திரிகையை வாட்ஸப்பில் தட்டிவிடுகிறார்கள். பெரியம்மா என்று ஒருத்தி கூப்பிட்டதும் எனக்கு சந்தோஷமாக இருந்தது. அதுதான் உண்மை.

என் நெற்றியில் பொட்டு இருந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகும் நான் அதை எடுக்கவில்லை; எடுக்கச் சொன்ன நாத்தனாரை, உன் நெற்றியைப் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். அவ்வளவு வாயுள்ளவள் அந்தத் தாம்பாளத்தைப் பார்த்து நடுங்கினேன். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று என்றால் என் கைதான் காரணம் என்று நானே நினைப்பேன். அப்படி ஓர் எண்ணம் எனக்குள் இருப்பதே எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனாலும் போகவில்லை. தொடமாட்டேன் என்றாலோ ஏன் என்று கேட்பார்கள். அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

“இன்னும் சாப்பிட்டு முடிக்கல,” என்று எச்சில் கையைக் காட்டினேன்.

“மெதுவாச் சாப்பிடுங்க. அங்குட்டுப் போயிட்டு வாரேன்.”

ரசம் இன்னொரு தடவை கேட்டேன். பிறகு மூன்றாவது தடவையும் கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாராவாரம் பாதிச் சோற்றோடு இலையை மூடுகிறவள் ஆயிற்றே. வயிறு முட்டியது. சுவர்க் கடிகாரம் ஒன்றேகாலிலேயே உட்கார்ந்திருந்தது.

எதிரில் இருந்தவரும் முடிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மோர்ச் சோற்றை இலையில் இங்குமங்கும் தள்ளிக்கொண்டிருந்தார். தாம்பாளம் இரண்டு முறை அவர் முதுகுக்குப் பின்னால் போனது. நிற்கவில்லை.

தலையைத் தூக்காமலே பேசினார். “மோரும் வாங்கிக்கங்க. கை எச்சியா இருந்தா, தட்டு நம்மளத் தாண்டிப் போறது வெளிய தெரியாது.”

நம்மள என்றார்.

“எப்படிக் கண்டுபிடிச்சீக?”

“இந்த ரசத்த யாரு மூணு தடவ வாங்குவாக?”

சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் கல்யாணப் பெண் ஓடி வந்து அவர் தோளில் சாய்ந்தாள். “அம்மா, சேலையக் கிட்டக்க பாத்தியா?”

“இங்க இருந்தே தெரியுது ஆத்தா. நல்லா இருக்கு. நீ அத்தைகூடப் போ.”

பெற்ற மகளின் சேலை. மோர் வாங்கிக்கொண்டேன். அவரும் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் பசியே இல்லாமல் ஒன்றரை வரைக்கும் சாப்பிட்டோம்.

“நேரமாச்சு, கீழ கொண்டு போங்க,” என்று யாரோ குரல் கொடுக்க, அத்தை தாம்பாளத்தோடு எங்களைக் கடந்து போனார். “பெரியம்மாவுக்கு நல்ல பசி போல,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கை கழுவுகிற இடத்தில் பெண்ணின் அம்மா எனக்குப் பக்கத்துக் குழாயில் நின்றார்.

“நீங்க எந்த வேன்ல வந்தீக? பாத்த மாதிரி இல்லையே.”

“நான் இவுக ஆளு இல்ல. தனியா வந்தேன்.”

கூட்டம் சேலைப் பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தது. அம்மா, அம்மா என்று மகள் கீழேயிருந்து கூப்பிட்டாள். அவர் முந்தானையில் கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

“நானுந்தான்,” என்றார்.