சீல்காரரின் லிஃப்ட் தாள்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்தது கோடு போடும் வேலை. பெரிய வெள்ளைத்தாள். மாதத்துக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம். நான் அளவுகோலைப் பிடித்தேன், அவர் பென்சிலை இழுத்தார். புதன்கிழமை சாயங்காலம்.

"கட்டம் சீலைவிடச் சின்னதாப் போச்சு."

"அரை மில்லிமீட்டர்தான்ப்பா."

"இஞ்சினீயர் பேசுற பேச்சா இது? அழி."

அழித்தேன்.

அப்பாவுக்கு ரப்பர் ஸ்டாம்ப் கடை. 'பெறப்பட்டது', 'நகல்', 'அவசரம்'. முப்பது வருடம் செதுக்கியதில் அவர் பெயரே சீல்காரர் ஆகிவிட்டது. எங்கள் வீடு எட்டாவது மாடி. லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். எங்களுக்கு மூட்டுவலி, அவ்வளவுதான். ஐந்தாம் மாடித் தையல்காரம்மாவின் மகள் ஊன்றுகோலில் நடப்பவள். லிஃப்ட் நின்றால் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

புது லிஃப்ட் கேட்டபோது குடியிருப்புச் சங்கச் செயலர், மாதத்துக்குச் சராசரி மூன்று நாள்தான் நிற்கிறது என்றார்.

"சராசரியில ஏறி எட்டாவது மாடிக்குப் போக முடியுமா சார்?" என்றார் அப்பா.

மறுநாள் கீழே ஒரு படம் ஒட்டினார். லிஃப்ட் நாலு நாள் நின்ற மாதத்துக்கு ஒரு சாண் உயர லிஃப்ட். எட்டு நாள் நின்ற மாதத்துக்கு இரண்டு சாண். அகலமும் இரண்டு மடங்கு. செயலர் அளவுகோலோடு வந்தார்.

"நாள் ரெண்டு மடங்கு. படம் நாலு மடங்கு இடத்தை அடைச்சிருக்கு. பால்ல தண்ணி கலக்கலாம் சீல்காரரே, கணக்குலயுமா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"அவர் சொல்றது சரிப்பா" என்றேன், எல்லார் முன்னாலும்.

அப்பா படத்தை மெதுவாகப் பிரித்துச் சுருட்டினார். "தப்புதான் சார்." ஆறாம் மாடிப் படியில் மூச்சு வாங்க நின்றபோதுதான் மறுபடி பேசினார்: "படத்தைப் பெருசாக்கக் கூடாது. நிறைய ஆக்கணும்."

மீந்த ரப்பரில், கட்டைவிரல் நகமளவில், கதவு மூடிய லிஃப்டைச் செதுக்கினார். மாடிக்கு ஒரு சீல், லிஃப்ட் கதவருகே ஒட்ட ஒரு தாள். தையல்காரம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வட்டமே கோணலா வரும்ண்ணே."

"வரைய வேண்டாம்மா. நின்னா அன்னைக்குக் கட்டத்துல ஒரு குத்து. ஓடினா கையைக் கட்டிட்டு உக்காரணும். அதுதான் கஷ்டம்."

கஷ்டம்தான். மூன்றாம் மாடி டிரைவர் கோபத்தில் ஒரே நாளுக்கு மூன்று குத்தினார். அப்பா தாளையே மாற்ற வைத்தார். தையல்காரம்மாவின் மகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சீல், பள்ளிப் பை. போக முடியாத நாளில் லிஃப்டுக்குக் கீழே அதையும் குத்துவாள்.

"எடுத்துடுங்க, வர்றவங்கல்லாம் பாக்குறாங்க" என்றார் செயலர்.

"அதுக்குத்தான் சார் ஒட்டினது."

புது லிஃப்டா, பழையதற்கே இன்னொரு ஒட்டா என்று முடிவு செய்ய இந்த ஞாயிறு கூட்டம். எல்லா மாடித் தாள்களையும் ஒப்பிட்டு ஒன்றாக்கத்தான் புதன்கிழமை கோடு போட்டோம். முடிந்ததும் அப்பாவே குத்தினார். நான்கு மாதம், முப்பத்தெட்டு லிஃப்ட், இருபத்தொன்பது பை.

வியாழன் காலை, கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு.

டிரைவர் வந்து அழுதார். பிறகு தன் சீலை என்னிடம் நீட்டினார். "படியேறி ஏறித்தான் மனுஷன் போனாரு. இன்னைக்குக் கட்டத்துல குத்துங்க தங்கச்சி. ஊரே நம்பும்."

"இன்னைக்கு லிஃப்ட் ஓடிச்சுண்ணே. அப்பா அதுலதான் இறங்கிப் போனாரு."

வியாழன் கட்டம் காலியாகவே இருக்கிறது. மற்ற முப்பத்தெட்டை அளக்க யார் வேண்டுமானாலும் அளவுகோலோடு வரட்டும்.

அவர் சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. "ஞாயிறு பத்து மணி. தாளைச் செயலர் கையில் கொடுக்க. நகலில் 'பெறப்பட்டது' குத்தி வாங்க. சீல் அவரிடம் இருக்காது, நம்முடையதை எடுத்துப் போக."