மாமியார்தான் நாமினி

“…எட்டு வருஷத்துக்கு முன்னால அஸ்தி கரைச்ச உங்க அம்மாதான் இன்னமும் உங்களுக்கு நாமினின்னா, நான் யாரு? கடைக்கு வந்த தையக்காரியா?”

துபாய் அல் குசைஸில், அரசாங்க ஃபாரங்களை அரபியில் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் நான் வேலை பார்க்கிறேன். அங்கே இந்தக் கேள்வி விழுந்தபோது, விசா வேலையாகக் காத்திருந்த மூன்று பேர் போனை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கேட்டவர் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் லேடீஸ் டெய்லர் கடை அக்கா. கேட்கப்பட்டவர் அவருடைய வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர். கடை லைசென்ஸ் அண்ணன் பேரில், பேங்க் கணக்கு அண்ணன் பேரில், அக்காவின் விசாவே அண்ணனை நம்பித்தான். மிஷினில் குனிந்து உட்காருவது மட்டும் அக்கா. அண்ணனின் வேலை வாசலில் நின்று, “இன்ஷா அல்லா, நாளைக்கு ரெடி” என்று சொல்வது. அந்த நாளை இதுவரை வந்ததில்லை என்பது வாடிக்கைக்காரர்கள் கட்சி.

நான் பத்தாவது வரைக்கும்தான். அரபியை ஃபாரம் பார்த்தே பழகியவன். எந்தக் கட்டத்தில் என்ன வரும் என்று தெரியும். யாராவது அரபியில் நலம் விசாரித்தால் முழிப்பேன். ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் பேசுவதை மட்டும் விடமாட்டேன். வீணாய்ப் போன ஃபாரத்தின் பின்பக்கம் எழுதி டிராயரில் போட்டுவைப்பேன். அக்கா கேட்டதும் அதற்குள்தான் கிடக்கிறது.

அன்றைக்கு அவர்கள் வந்தது அக்காவின் விசாவைப் புதுப்பிக்க. மூன்று மாதம் முன்பு அண்ணனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். புதுக் கார் வாங்கினவர் மாதிரி, அது எந்த நாட்டு மேக் என்பதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். தூக்கம் போனது அக்காவுக்குத்தான்.

“தம்பி, இவருக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா கடை என்னாகும்?”

“வாயைத் தெறக்குறா பாரு, நல்ல நாளும் அதுவுமா!” என்றார் அண்ணன்.

தெரிந்ததைச் சொன்னேன். ஆள் போன சேதி எட்டியதும் பேங்க் கணக்கு முடங்கும். எங்களைப் போல முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, உயில் இல்லாவிட்டால், இப்போதுள்ள சட்டப்படி பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இவள்தான் மனைவி, இவர்கள்தான் பிள்ளைகள் என்று ஊரில் சான்றிதழ் வாங்கி, முத்திரைமேல் முத்திரை குத்தி, அரபியில் பெயர்த்து, கோர்ட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை கடை கடையாக இருக்காது. விசாவுக்கும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

உள் அறையிலிருந்து எங்கள் முதலாளி, கீழக்கரை பாய், தலையை மட்டும் நீட்டினார். “மவுத்தானா மொதல்ல கண்ணை மூடுவாங்கன்னு நெனைச்சீங்களா? கணக்கைத்தான் மூடுவாங்க.”

அதையும் எழுதிவைத்தேன்.

“யாரும் பயப்பட வேணாம். நான் அப்பவே நாமினி போட்டுட்டேன்” என்று அண்ணன் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். கல்யாணத்துக்கு முன்னால், துபாய்க்கு விமானம் ஏறிய வருஷம், ஊரில் எடுத்த இன்சூரன்ஸ் பாலிசி. நாமினி போட்டாச்சு என்றால் வாரிசு வேலை முடிந்தது என்று எங்கள் ஆட்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. நானும் அன்று சாயங்காலம் ரூமுக்குப் போய் என் பாலிசியைப் புரட்டினேன். என் அப்பா பேர் இருந்தது. என் வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.

அக்கா பத்திரத்தை வாங்கி வாசித்தார். நாமினி என்ற இடத்தில் மாமியார் பேர். உறவு, தாய். அப்போது கேட்டதுதான் மேலே நான் எழுதிய கேள்வி.

“அப்ப நீ வரலையே, வேற யாரைப் போடுறது?”

“வந்து இருபத்திரெண்டு வருஷமாச்சுங்க! கடை வாடகைப் பத்திரத்தை வருஷா வருஷம் மாத்துறீங்க. பொண்டாட்டி பேரை ஒருக்கா எழுத முடியல?”

நான் குறுக்கே புகுந்தேன். “அண்ணே, இந்தப் பத்திரம் ஊர் பாலிசிக்கு மட்டும்தான். இங்க உள்ள கடைப் பூட்டை இது தெறக்காது. உயில் எழுதிப் பதிஞ்சிடுங்க. அப்பவும் கோர்ட்டு வாசல் உண்டு, ஆனா அலைச்சல் குறையும்.”

உயில் என்றதும் அண்ணன் கை நெஞ்சுக்குப் போனது. “எழுதி வெச்ச மூணாம் மாசம் போனவனை எனக்குத் தெரியும் தம்பி.”

“எழுதாமப் போனவன் ஒருத்தனையும் தெரியாதாக்கும்!” பாய் இப்போது முழுசாக வெளியே வந்துவிட்டார். “எங்களுக்குப் பங்கு எப்பவோ பிரிச்சு வெச்சாச்சு. புள்ளை இருந்தா பொஞ்சாதிக்கு எட்டுல ஒண்ணு, கலாஸ், முடிஞ்சுது. உங்களை இஷ்டம்போல எழுதிக்கடான்னு விட்டா, பேனாவைக் கண்டு ஓடுறீங்க.”

அண்ணன் மசியவில்லை. ஆடி முடியட்டும், ஊரில் ஜோசியரைக் கேட்போம் என்றார். அக்கா என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி, அவரு எழுத வேணாம். என் உயிலை அடி தம்பி.”

“உங்க பேர்ல என்னக்கா இருக்கு?”

“என் நகையை வித்து வாங்கின ரெண்டு மிஷினு இருக்கு. கழுத்துல மிச்சம் கெடக்குறது இருக்கு. எல்லாத்தையும் எங்க மாமியாருக்கு எழுது.”

“செத்தவங்களுக்கு எழுத முடியாதுக்கா.”

“ஏன் முடியாது? அவங்க மவன் எழுதி வெச்சிருக்காரே!”

காத்திருந்தவர்களில் ஒரு பெஷாவர் டிரைவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவரும் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. பத்திரத்தில் இருந்த அம்மா பேரைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அவ்வளவு வாய் பேசினவரின் உதடு நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டிருப்பார் போல.

“அடிங்க தம்பி,” என்றார். “கடை, கணக்கு, எல்லாம் இவளுக்கு.”

“அந்த ஸ்டென்ட்டை மட்டும் நீங்களே வெச்சுக்கங்க,” என்றார் அக்கா.

விவரங்களை எல்லாம் அடித்து முடித்து, பதிவுக்கு நாள் எடுக்கத் திரையைத் திறந்தேன். முதலில் காலியாக இருந்த வருகிற செவ்வாய்க்கிழமையைத் தொட்டு வைத்தேன், என்டர் தட்டினால் பதிவாகிவிடும். அண்ணன் போனில் தமிழ்க் காலண்டரைத் தேடினார்.

“செவ்வாயா? அன்னைக்கு அஷ்டமி. அடுத்த வாரம் பாருங்க தம்பி. இல்ல, அமாவாசை கழியட்டும்…”

நானும் தலையாட்டிக்கொண்டே அடுத்த வாரத்துக்குப் போக மவுஸில் கை வைத்தேன். அக்கா எழுந்தார். கவுண்டர் மேல் எக்கி, தையல் சாக்பீஸின் நீலம் ஒட்டியிருந்த விரலால் என் கீபோர்டில் என்டரைத் தட்டினார்.