சாய்சதுரத்துக்கு இரண்டு மதிப்பெண்

எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்குப் புதுக் கணக்கு டீச்சர் வந்த மாதத்திலேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. காரணம் தெரியாமல் இல்லை. பொறாமை, வேறென்ன. கறம்பக்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் அரசுப் பள்ளியில் பதினேழு வருடமாகக் கணக்கு என்றால் நான்தான். பிள்ளைகள் தங்கள் தோட்டத்து மல்லிகையைக் கட்டிக்கொண்டு வந்தால் முதல் முழம் என் கைக்கு வரும். திருக்கோகர்ணத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அவள் வர ஆரம்பித்த பிறகு, மிச்சம் இருந்தால் எனக்கு.

பூவைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் ‘ஆ’ பிரிவில் இருந்தாள். பெற்ற அம்மாவிடமே படிக்க வேண்டாம் என்று ஹெச்.எம். அம்மா அப்படிப் போட்டிருந்தார். அதுவரை கணக்கில் சந்தேகம் என்றால், நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தாலும் நோட்டை அடுப்பு மேடையில் விரித்துக்கொண்டு நிற்பாள். இப்போது வாயைத் திறந்தால் எங்க டீச்சர், எங்க டீச்சர்தான். அப்போது நான் யார் என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை.

நாற்கரங்கள் பாடம் வந்தது. என் ‘அ’ பிரிவில் அது இரண்டு பீரியடு வேலை. நோட்டில் ஆறு கட்டம் போடச் சொல்வேன். சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம், சரிவகம், பட்டம், கட்டத்துக்கு ஒன்று. பட்டம் என்றால் இரண்டு பக்கம் சின்னது, இரண்டு பக்கம் பெரியது. மனப்பாடம் செய்தால் தீர்ந்தது. அவள் என்னடாவென்றால் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். கோலமாவால் தரையில் வடிவத்துக்கு ஒன்றாகப் பெரிய பெரிய வட்டங்கள் போட்டாள், ஒன்றுக்குள் ஒன்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறியும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஆளுக்கொரு வடிவம் கொடுத்து, அவரவர் வட்டத்தில் போய் நிற்கச் சொன்னாள்.

நான் என் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் கையில் சாய்சதுரம். இணைகர வட்டமும் பட்ட வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்தில் போய் நின்றாள்.

“ரெண்டுலயும் நிக்கலாமா டீச்சர்?”

“ரெண்டுக்கும் வேண்டியது ஒங்கிட்ட இருக்குல்ல? தாராளமா நில்லு.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். என் வகுப்பில் இருந்த நாற்பது தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன. ஒரு அதட்டுப் போட்டு எல்லாரையும் திருப்பினேன்.

அந்த மாதத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எடுக்கும் முறை என்னுடையது. ஒரு பிரிவின் தாளை இன்னொரு பிரிவு டீச்சர் திருத்துவது எங்கள் பள்ளி வழக்கம். இரண்டையும் யோசித்துத்தான் அந்தக் கேள்வியை வைத்தேன். சாய்சதுரம் ஒரு பட்டமா? காரணம் கூறுக. இரண்டு மதிப்பெண். என் பிள்ளைகள் இல்லை என்று எழுதுவார்கள், அவள் பிள்ளைகள் ஆம் என்று எழுதுவார்கள், திருத்துவது நான்.

அப்படியேதான் நடந்தது. ‘ஆ’ பிரிவுத் தாள்களில் வரிசையாகச் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனேன். என் மகளின் தாள் வந்தது. பட்டத்துக்கு அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டு ஜோடி சமமாக இருந்தால் போதும், சாய்சதுரத்துக்கு அது இருக்கிறது, நான்கும் சமமாக இருப்பது கூடுதல், கூடுதலாக இருப்பதால் அது வெளியே போகாது என்று எழுதியிருந்தாள். என் பதினேழு வருடத்தில் இவ்வளவு சுத்தமான காரணத்தை ஒரு பிள்ளை எழுதிப் பார்த்ததில்லை. சரி என்று எனக்குத் தெரியும். அதற்கும் பெருக்கல் குறி போட்டேன். பேனா கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

மறுநாள் ஆசிரியர் அறைக்கு அவள் தாள்களோடு வந்தாள்.

“அக்கா, இந்த ஒரு கேள்விக்கு எல்லாருக்கும் தப்புப் போட்டிருக்கீங்களே?”

“நாலு பக்கமும் ஒரே அளவா இருந்தா அது எப்புடிப் பட்டமாகும்?”

“ரெண்டு ஜோடியும் வேற வேற அளவா இருக்கணும்னு புத்தகத்துல போடலியேக்கா.”

அதற்குள் ஹெச்.எம். அம்மா குறுக்கே வந்தார். “அவங்க சொந்தப் புள்ளைக்கே மார்க் போடாம விட்டுருக்காங்க டீச்சர். இதுக்கு மேல என்ன நியாயம் வேணும்?” என்றார். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “சரிங்கம்மா” என்று தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தது.

அன்று சாயந்திரம் மகள் விடைத்தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்க வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தாளையும் பேனாவையும் நீட்டினாள். நான் கையெழுத்துப் போட்டு நீட்டியும் வாங்காமல் நின்றாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கவா? சாய்சதுரமும் பட்டந்தான்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?”

தெரியும் என்றால் தெரிந்தே தப்புப் போட்டவள் ஆவேன். தெரியாது என்றால் கணக்கே தெரியாதவள். அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

“தெரியாதுடி” என்றேன்.

சட்டென்று அவள் முகம் தெளிந்துவிட்டது. அவ்வளவு நேரம் எதற்குப் பயந்து நின்றாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மடித்த துணியைத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, தாளின் பின்பக்கத்தில் படம் போட்டாள். பக்கங்களைக் குறித்து, எது எதற்குச் சமம் என்று பொறுமையாகச் சொன்னாள். நடுவில், “புரியுதாம்மா?” என்று கேட்டாள். புரிகிறது என்று தலையாட்டினேன்.

எழுந்து போகும்போது என் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

“நீ வருத்தப்படாதம்மா. நாளைக்கே டீச்சர்ட்ட சொல்லிடுறேன், எங்கம்மா வேணும்னு போடல, தெரியாமத்தான் போட்டாங்கன்னு.”

அவள் தள்ளிவிட்ட துணியை இழுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தேன்.