பூனை தட்டிய பானையும் என் புரொஃபைல் படமும்

தூக்கிப் போட வேண்டிய சாமானைத் தூக்கிப் போடவிடாமல் தடுப்பதுதான் என் தொழில். இதில் எதிரிகளுக்குப் பஞ்சமே கிடையாது. காலி ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, காய வைத்து, "எதுக்காவது ஆகும்" என்று பரணில் ஏற்றிவிட்டு வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் இனத்தாருக்கு நான் சொல்வது புரியும்.

நான் ஒரு பள்ளியில் கைவேலை வாத்தியாராக இருந்தவன். அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். பிறகு மலையாள மண்ணில் தமிழர் தெருவான வலியசாலையில், தெருச் சங்கத்தின் ஹாலை ஒட்டிய சின்ன அறையில் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தேன். பழையதில் புதியது செய்யச் சொல்லித் தருவேன். செய்ததைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடவும், பேஸ்புக், வாட்ஸ்அப் புரொஃபைலை லட்சணமாக வைத்துக்கொள்ளவும் சேர்த்துச் சொல்லித் தருவேன்.

அறைச் சாவியைக் கொடுக்கும்போது சங்கச் செயலாளர் ராமசாமி சார் ஒரு நிபந்தனை போட்டார். மூன்று மாதம் பார்ப்போம்; எழுத்தில் ஒரே ஒரு புகார் வந்தாலும் சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். நாகர்கோவில்காரியான என் மனைவி கமலம் தன் பங்குக்கு ஒன்று போட்டாள். "அந்த ரூம் போச்சுன்னா பாட்டிலெல்லாம் மறுபடி வீட்டுக்குள்ள வரும். வந்தா நான் எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன், கேட்டியளா?"

ஆக்ரிக்காரரின் ஆதரவு

எங்கள் தெருவில் பழைய சாமான் எடுப்பவரை ஆக்ரிக்காரர் என்போம். முருகேசன், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரமே வாசலில் வந்து நின்றார். தெருவில் ஒரு பாட்டில்கூடக் கிடைக்கவில்லையாம். சுற்றுச்சூழலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து மூட்டையோடு வந்தார். திறந்து காட்டினார். உள்ளே முழுக்க பாட்டில்கள்: நீலப் பெயிண்ட் அடித்தவை, கயிறு சுற்றியவை, பாசிமணி ஒட்டியவை. எல்லாம் என் மாணவிகள் கைங்கரியம். இரண்டு மூன்றை நானே ஒட்டிக் கொடுத்திருந்தேன். எனக்கு முகம் செத்துவிட்டது. முருகேசன்தான் தேற்றினார். "சங்கடப்படாதிய சார். பெயிண்டும் கயிறும் சேந்து இப்ப வெயிட்டு நல்லா கூடுது. நீங்க வகுப்பை மட்டும் நிறுத்திராதிய."

ஒரே சேலை

புரொஃபைல் படத்துக்கு ஸ்டூடியோ தேவையில்லை என்பது என் கொள்கை. கிழக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். பின்னணிக்கு ஒரு பழைய பட்டுச் சேலையைத் துணிக்கிளிப்பால் கொடியில் மாட்டி இழுத்துக் கட்டினால், யாராக இருந்தாலும் கல்யாண வீட்டு முகம் வந்துவிடும். கமலத்தின் அலமாரியில் அடியில் கிடந்த பச்சைச் சேலையை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதைக் கட்டி வருஷக்கணக்கில் ஆகிறது என்பது என் கணிப்பு.

முதலில் படம் எடுத்துக்கொண்டவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற வெங்கிடாசலம் சார். படம் பிரமாதமாக வந்தது. கீழே அறிமுக வரியில் 'ரிட்டயர்ட்' என்று நான் அடித்தபோதுதான் பதறிவிட்டார். "அதை மட்டும் போடாதீங்கோ சார். போட்டா ஆத்துல இன்னும் ஜோலி குடுப்பா." அதை அழித்துவிட்டு 'ஆலோசகர்' என்று போட்டுக் கொடுத்தேன்.

அவர் படத்தைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் வந்தார். அவரைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர். மாதக் கடைசியில் தெரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், வரிசையாக அத்தனை பேருக்குப் பின்னாலும் அதே பச்சை, அதே அரக்குக் கரை. கமலமும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "தெருவுல உள்ள ஆம்பளை அத்தனை பேரும் எஞ் சேலைக்கு முன்னால நிக்கானுவ. இனி நான் அதை உடுத்திக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போவேன்?"

பால் கவர் தோரணம்

ஒரு மாணவி பால் கவர்களைக் கழுவி, வெட்டி, மடித்து, வாசலுக்கு மாவிலைத் தோரணம் மாதிரியே செய்து கட்டிவிட்டார். மாதாமாதம் வீடு வீடாக பிளாஸ்டிக் எடுக்க வரும் பெண்கள் இருவர் அந்த வாசலில் சாக்கோடு நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நான் பக்கத்தில் பெருமையாக நின்றிருந்தேன். மூத்தவர் என்னிடம் மலையாளத்தில் பணிவாகக் கேட்டார். "சாரே, இது எடுக்கணோ, இல்லெங்கில் தொழணோ?"

செயலாளர் வீட்டுப் பானை

மூன்றாவது மாதம். வீட்டில் சும்மா கிடக்கும் பொருள் ஏதாவது கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். செயலாளர் வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று ராமசாமி சார் தானே ஒரு மண்பானையைக் கொண்டுவந்தார். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கரி அடியில் இருந்தது. தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல டிரில் போட்டு அடியில் ஓட்டை எடுத்தேன். வெள்ளையடித்து நீல யானைகள் வரைந்தேன். அத்தனை அழகு. அதையே என் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் புரொஃபைல் படமாக வைத்தேன்.

மறுநாள் காலையில் ராமசாமி சார் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "சாரே, அந்தப் படத்தை எடுங்கோ! அது பொங்காலைப் பானையாக்கும். பூனை தட்டி விழுந்து பொட்டிப்போச்சுன்னு ஆத்துல சொல்லி வெச்சிருக்கேன்."

ஆற்றுகால் பொங்காலையன்று ஊர்ப் பெண்கள் தெருவெல்லாம் செங்கல் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். அந்தப் பானையைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோய், அரிசி போட்டு, அடுத்த பொங்காலை வரை வைத்திருப்பது வழக்கம். சார் அந்த அரிசியை எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிட்டுப் பானையைத் தூக்கி வந்திருக்கிறார். அவரைச் சொல்லி என்ன? அடியில் கரி பிடித்த புதுப் பானை இந்த ஊரில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டு அடுக்களையிலும் ஒன்று இருக்கிறது. யானை வரையும் ஆசையில் கேட்காமல் விட்டேன். வெட்கமாக இருந்தது.

படத்தை மாற்றினேன். பிரயோஜனமில்லை. சனிக்கிழமை வகுப்பு நடுவில் அவர் மனைவி பர்வதம் மாமி வந்தார். ஒரு கையில் போன், மறு கையில் மடித்த காகிதம். மாதாந்திரப் பார்வைக்கு வந்திருந்த ராமசாமி சார் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். பதினாலு மாணவிகளும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்கள்.

மாமி பானையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். "அடியில ஓட்டை போட்டேளோ?"

"போட்டேன் மாமி. தப்பு என்னோடதுதான். கேட்டிருக்கணும்."

மாமி விரலை ஓட்டையில் விட்டுப் பார்த்தார். அந்தக் கரி அவர் வெயிலில் உட்கார்ந்து, புகையில் கண் எரிய வாங்கிய கரி. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு மடித்த காகிதத்தைக் கணவரிடம் நீட்டினார். "புகார். எழுத்துலதானே வேணும்?"

நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கமலம் பெட்டி அடுக்குவது கண்முன் தெரிந்தது. ராமசாமி சார் காகிதத்தைப் பிரித்துப் படித்தார். முகம் சிவந்து, மறுபடியும் படித்தார்.

மாமி சாவியை என் பக்கம் தள்ளினார். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கணவரை ஒரு பார்வை பார்த்தார். "புகார் உங்க பேர்ல இல்லை, பூனை பேர்லயாக்கும். இதுல துளசி வெச்சு வாசல்ல வெக்கப் போறேன். நட்டதும் வந்து ஒரு புரொஃபைல் படம் எடுத்துத் தாங்கோ. என்னோட பூனையும் நிக்கும்."

இப்போதெல்லாம் எந்த வீட்டு சார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், பிரஷைத் தொடுவதற்கு முன் "மாமிக்குத் தெரியுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.