போர்ட் என்றால் கினு

டீசல் புகைக்குள் எலுமிச்சம்பழ வாசனை. குமணன்சாவடி சந்திப்பில் ஷேர் ஆட்டோ நிற்கும்போதெல்லாம், மாங்காட்டுக்குப் போகிற யாரோ ஒரு பெண்ணின் மடியிலிருந்து அது கிளம்பிவிடுகிறது. தலை நரைத்த நான் அதே இருக்கையில் இருக்கிறேன்; ரிப்பன் கட்டிய சின்ன வயது நான் எழுந்து பழைய பஸ்ஸுக்குள் போய்விடுகிறேன்.

அந்த பஸ்ஸில் சித்தி இருக்கிறாள். அம்மாவின் தங்கை. திருநெல்வேலியில் தாவரவியல் முடித்த கையோடு, ஆவடித் தொழிற்சாலையில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தவள். அமெரிக்காவில் மேலே படிக்க அவளுக்கு ஆசை. அதற்கு, யாரும் பேசாத ஆங்கிலச் சொற்களாகப் பார்த்துக் கேட்கும் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். அதற்குள் நல்ல இடம் அமைந்துவிட்டால் கல்யாணம்தான், பரீட்சையே கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஆகவே கல்யாணம் கூடிவர, வாராவாரம் எலுமிச்சம்பழத்தோடு சித்தியை மாங்காட்டு அம்மனிடம் அழைத்துப் போனாள் அம்மா. சித்தியும் முகம் சுளிக்காமல் வந்தாள். போக வர பஸ்ஸில் படிக்கலாமே. அவள் உதடு அசைவதைப் பார்த்து, சுலோகம் சொல்கிறாள் என்று அம்மா உருகிப்போனாள்.

புத்தகம் என் மடியில் இருக்கும். நான் கேட்பேன், சித்தி சொல்வாள். அதில் இருந்தவை சொற்கள்கூட இல்லை, சொற்களின் வேர்கள். கிரேக்கம், லத்தீன். அதுவரை ஆங்கிலம் எனக்கு மாத்திரை மாதிரி. மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். அதைப் பிட்டுப் பார்க்கலாம் என்று எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை.

“போர்ட்?” என்றேன் ஒருநாள். சுமக்கிறது என்றாள் சித்தி. சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுக லாரி கம்பெனிப் பலகைகள். எல்லாவற்றிலும் டிரான்ஸ்போர்ட். தினமும் பார்த்த சொல், என் கண் முன்னால் பலாச்சுளையாகப் பிளந்தது. கடந்து சுமப்பது. எக்ஸ்போர்ட், வெளியே சுமப்பது. சப்போர்ட், அடியில் நின்று சுமப்பது. ரிப்போர்ட்? திரும்பச் சுமந்து வருவது. கணக்கில் கோட்டை விட்ட ரிப்போர்ட் கார்டை வீட்டுக்குச் சுமந்து வந்தபோது என் கை ஏன் அப்படிக் கனத்தது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. என்றோ செத்துப்போன ரோமாபுரிக்காரன் ஒருவன் தோள் மூட்டையோடு எங்கள் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி நிற்பதுபோல் இருந்தது. வாயைத் திறந்தாலே எத்தனை பேர் வெளியே வருகிறார்கள்!

அதன்பிறகு எதையும் நான் முழுசாக விடவில்லை. தெருவில் பொறுக்கிய மெட்ராஸ் பேச்சுதான் என் பேச்சு. வந்துகினு, போய்கினு என்றால் அம்மா தலையில் குட்டுவாள். அந்தக் கினுவுக்கு வேர் எது என்று சித்தியிடம் கேட்டேன். அவள் அதை வாய்க்குள்ளேயே பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஏட்டி, அது கொண்டு. வந்துகொண்டு, வந்துகினு. கொண்டுன்னா கையில எடுத்து வச்சிருக்கது. சுமக்கதுதான்.”

“அப்போ போர்ட்னா கினு.”

சித்தி சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமான பாடம். போர்ட் என்பேன், கினு என்பாள்.

மாங்காட்டு அம்மனும் சும்மா இருக்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து, வங்கியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தார். அன்று காலை தொழிற்சாலைச் சங்கு ஊதும்போது சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வழக்கத்துக்கு மாறாக, அவள் கேட்டாள், நான் சொன்னேன். நாங்கள் அதுவரை புரட்டாத பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல். அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். ரிப்பனை இறுக்கி முடிந்துவிட்டு, யாராவது கேட்டால் முழுங்காமல் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றாள்.

கேட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டோடு என்னைப் பக்கத்தில் இழுத்து, உன் சித்தி எந்நேரமும் என்னம்மா படிக்கிறாள் என்று செல்லமாகக் கேட்டார். பிரேயரில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றேன்.

“மிசோகமி. மிசோன்னா வெறுப்பு, கமின்னா கல்யாணம். கல்யாணத்தையே வெறுக்கிறதுக்கு ஒரே வார்த்தை கீது ஆன்ட்டி. சித்திக்கு அது மனப்பாடம்.”

கேசரி பாதி வழியில் நின்றது. மாப்பிள்ளை முதல்முறையாகச் சித்தியை நிமிர்ந்து பார்த்தார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். சித்தியோ தலையைக் கவிழ்த்திருந்தாள், தோள்கள் குலுங்கின. பாவம், அழுகிறது பெண் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நான் மட்டும் பிரமித்துப்போய் நின்றேன். கிரேக்கத்து வேர் இரண்டு சேர்ந்தால், ஆவடியில் ஒரு வீடே வாயடைத்துப் போகிறதே!

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னவர்கள் சொல்லி அனுப்பவில்லை. பரீட்சை வந்தது. சித்தி தேறினாள், அமெரிக்காவில் இடமும் கிடைத்தது. அம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள்தான். யார் கேட்டதை என்பதில்தான் அம்மாவுக்குக் குழப்பம்.

எனக்குக் குழப்பமே இல்லை, பெருமைதான். தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். தலை பின்னிய அந்தக் காலையை நான் சந்தேகிக்கவே இல்லை. ஒவ்வொரு வேராகக் கேட்டுக் கேட்டு, சித்தியை எங்கள் வீட்டிலிருந்து மண் உதிரப் பிடுங்கிக்கொண்டிருந்தது நானேதான் என்பதும் தெரியவில்லை. படிப்பு என்றால் இரண்டு பேரும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது என்றே நினைத்திருந்தேன். அந்த பஸ் எங்காவது போய்ச் சேரும் என்று யார் நினைத்தார்கள்?

மீனம்பாக்கம் விமான நிலையத்தில், உள்ளே போகும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால், மாங்காட்டுப் பழம் ஒன்றைச் சித்தியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள் அம்மா. அவள் நிஜமாகவே போகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்தியின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“சித்தி, என்னையும் கூட்டிக்கினு போ.”

அம்மா குட்டவில்லை. சித்தி குனிந்தாள். எலுமிச்சை மணக்கும் கையால் என் முகத்தைத் துடைத்து, காதருகே, போர்ட் என்றாள் கேள்வியாக. அழுகையில் எனக்குச் சொல் வரவில்லை. அதுவரை பாடமாக அல்லாமல் அவள் வாயில் ஒருநாளும் வராத எங்கள் தெருப் பேச்சில் அவளே சொன்னாள்:

“கினு. உன்னையும் எடுத்துக்கினுதான்டி போறேன்.”