காவடிக்குப் பின்னால் ஒரு துணிப்பை

மனநல ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மூன்று எலுமிச்சம்பழம், கூடவே தன் ஜாதகம் என்று எடுத்துக்கொண்டு போன ஆள் மலேசியாவில், இந்த ஜொகூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கவுன்சலிங் என்றால் குறி கேட்பது மாதிரி, கடைசியில் ஒரு பரிகாரம் சொல்லி அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன்.

என்னை அங்கே தள்ளிவிட்டவள் என் மகள். பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்று அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. நான்கு மாதமும் வீட்டை ஆலையாக நினைத்து நடத்திக்கொண்டிருந்தேன். மசாலா டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டினேன். கேஸை எத்தனை மணிக்கு மூடினாள் என்று மனைவி எழுதிவைக்க, ஃபிரிட்ஜ் கதவில் கோடு போட்ட தாள் ஒன்றை மாட்டினேன். அவள் அதில் கோலம் போட்டுப் பழகினாள். அதற்கு ஒரு சண்டை. சாயங்காலம் ஆனால் கேட்டருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். மகள் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அவள் மோட்டார் சத்தம் கேட்கும்வரை யார் பேசினாலும் எரிந்து விழுவேன்.

“அப்பா, நீங்க ஒருத்தர பாத்துப் பேசுங்க. இல்லேன்னா அம்மாவ கூட்டிக்கிட்டு நான் சிங்கப்பூர்லயே ரூம் எடுத்துருவேன் லா” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மனைவி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

ஆலோசகரின் அறை துணி வெளுக்கும் ஒரு டோபி கடையின் மேல்மாடியில் இருந்தது. முட்டி வலியோடு படி ஏறி உள்ளே போனால், தலையில் துடோங் முக்காடு அணிந்த ஒரு தமிழ் முஸ்லிம் பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். இவரிடம் போய் முருகனைப் பற்றி என்னத்தைப் பேசுவது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரே அதைப் புரிந்துகொண்டார். நான் முஸ்லிம், உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் வேறு ஒருவரை ஏற்பாடு செய்கிறேன், மனதில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். படி ஏறி வந்த வலிக்கு இன்னொரு ஆளைத் தேடிப் போகத் தெம்பில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

தட்டை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அன்றைக்குத் தனக்கு நோன்பு, பழத்தைச் சாயங்காலம் சாப்பிடுகிறேன் என்றார். எனக்கும் தைப்பூச விரதம் நடக்கிறது என்று சொன்னேன். அதிலேயே பாதித் தயக்கம் போய்விட்டது. எலுமிச்சம்பழம் எதற்கு என்று அவர் கேட்டபோதுதான் அசடு வழிந்தேன். அவர் சிரிக்கவில்லை. ஜாதகத்தை மேசையில் விரித்து என் பக்கம் திருப்பினார்.

“எனக்கு இத படிக்கத் தெரியாது அங்கிள். நீங்களே சொல்லுங்க. இதுல உங்களுக்கு எது பயமா இருக்கு?”

சனியில் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் சனியை விட்டுவிட்டு, நினைப்பில் மகள் பிறந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கை அளவு கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் உயிர் உள்ளவரை வருஷா வருஷம் காவடி எடுக்கிறேன் என்று அன்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். இருபத்தாறு வருஷம் ஒன்றுகூடத் தவறாமல் எடுத்தேன். இப்போது டாக்டர் என் முட்டி எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனி தோளில் பாரம் ஏற்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நான் காவடி எடுக்காத வருஷம் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கேட்டருகே நான் காத்துக்கிடந்ததெல்லாம் இந்தப் பயத்தில்தான். இதைச் சொல்லும்போது அழுதேன். அறுபது வயது ஆள் முன்பின் தெரியாத பெண் முன்னால் அழுததை எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் வெறும் நம்பிக்கை, விட்டுத்தள்ளுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. வேண்டுதலைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் உங்கள் கோயில் குருக்கள், அவரிடம் கேட்டீர்களா என்றார். நான் கேட்கவில்லை. வேண்டுதலை விடவே முடியாது என்று குருக்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே கோயில் பக்கம் போகாமல் இருந்தேன். பிறகு அந்தப் பெண் இன்னொரு கேள்வி கேட்டார்.

“இருபத்தாறு வருஷம் காவடி எடுத்தீங்க. உங்ககூட யாரு நடந்தாங்க அங்கிள்?”

யோசித்துப் பார்த்தேன். மேளம் ஞாபகம் இருந்தது. தார் ரோட்டின் சூடும் ஞாபகம் இருந்தது. பக்கத்தில் யார் வந்தார்கள் என்று ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். எலுமிச்சம்பழத்தையும் திருப்பிக் கொடுத்து, இதை வீட்டில் உங்கள் மனைவி கையால் சுற்றிப் போட்டால்தான் பொருத்தமாக இருக்கும் என்றார்.

அன்று சாயங்காலமே மனைவியிடம் முட்டி விஷயத்தைச் சொன்னேன். எனக்குத் தெரியும், நீங்கள் படி ஏறுகிற லட்சணத்தைப் பார்த்தால் தெரியாதா என்றாள். கூட யார் நடந்தது என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பழைய துணிப்பையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். தண்ணீர்ப் போத்தல், துண்டு, விபூதிப் பொட்டலம், பிளாஸ்டர் எல்லாம் இந்த வருஷத்துக்கும் தயாராக இருந்தன. வெறுங்காலோடு நடக்க நான் கழற்றும் செருப்புக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

“அன்னைக்கு நானும்தான் வேண்டுனேன். புள்ள பொழச்சா பால்குடம் எடுக்கறேன்னு. நீங்க காவடி தூக்குனா யாராச்சும் பை தூக்கணும்ல. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு அப்படியே போயிருச்சு.”

“இருபத்தாறு வருஷமாவா? உனக்குப் பயமா இல்லையா?”

“எதுக்குப் பயம்? புள்ள நல்லாத்தான இருக்கா. நான் சும்மா உக்காந்துருக்கலன்னு முருகனுக்குத் தெரியாதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறைவேறாத ஒரு வேண்டுதல் அத்தனை வருஷமும் என் முதுகுக்குப் பின்னாலேயே துணிப்பையோடு நடந்து வந்திருக்கிறது. பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. நானோ, ஒரு வருஷம் தவறிவிடுமோ என்று வீட்டையே ஆட்டிவைத்திருக்கிறேன். மறுநாள் குருக்களைப் பார்த்தேன். முருகன் உன் முட்டியையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான், வீட்டில் ஒருவர் பால்குடம் எடுத்து நீ கூட நடந்தால் போதும் என்றார் அவர்.

அந்தத் தைப்பூசத்தில் மஞ்சள் புடவையில் மனைவி பால்குடம் எடுத்தாள். நான் பை தூக்கினேன். லேசான வேலை என்று நினைத்துவிட்டேன். ரோட்டில் அவள் கால் படும் இடத்துக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். கூட்டத்தில் இடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டி வேறு கெஞ்சியது. பாதி வழியில் போத்தல் காலியாகி, நான் திருதிருவென்று விழிக்க, மகள் தண்ணீர்ப் பந்தலுக்கு ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு இன்னும் டிரெய்னிங் வேண்டும் என்று கேலி வேறு.

பால் அபிஷேகம் முடிந்து வெளியே வந்ததும், பையிலிருந்து மனைவியின் செருப்பை எடுத்து, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து அவள் கால் பக்கத்தில் வைத்தேன்.

“அலாமாக், என்னங்க இது, எல்லாரும் பாக்கறாங்க.”

பார்க்கட்டும் என்றேன். நிமிர முடியாமல் நான் அப்படியே நிற்க, மனைவியும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் மகள் வழக்கம்போல மோட்டாரில் வேலைக்குக் கிளம்பினாள். பயம் முழுதாகப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. சாயங்காலம் கை தானாக நாற்காலியை எடுத்தது. கேட்டருகே போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மனைவியும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டாள். இத்தனை மாதமும் நான் வெளியே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், அடுப்படி ஜன்னலில் தானும் அதே மோட்டார் சத்தத்துக்குத்தான் காத்திருந்ததாகச் சொன்னாள்.