சின்னத் திரையில் அக்கா

வெப்சைட் செய்வதுதான் என் பிழைப்பு. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். ஒரு பக்கம் திறக்க மூன்று விநாடிக்கு மேல் எடுத்தால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும். பத்து வரியில் முடிகிற வேலைக்குப் பெரிய பெரிய புரோகிராம் மூட்டைகளை இழுத்து வந்து போடுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. அக்கா கேலி செய்வாள்: "இவனுக்குப் பொண்ணு பாக்கப் போனாலும், அந்தப் புள்ள எம்புட்டு வேகத்துல காபி கொண்டாருதுன்னுதான் பாப்பான்."

அக்கா மகளுக்குக் காது குத்த நாள் குறித்தபோது மச்சான் ஊரில் இல்லை. வளைகுடாவில், பாலைவனத்துக்கு நடுவே குழாய் பதிக்கிற கேம்பில் இருந்தார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது போனவர்; அதிலிருந்து அக்கா எங்கள் வீட்டில்தான். லீவு கேட்டும் கிடைக்கவில்லை. அங்கே சிக்னல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வீடியோ கால் எடுக்கவே எடுக்காது. அக்கா எப்போதாவது படம் அனுப்பினாலும் அது பிள்ளையின் படமாகவே இருக்கும்.

"மாப்ள, நான் இல்லாட்டியும் விசேஷத்த முழுசா பாத்துரணும்டா. ஏதாவது பண்ணு," என்றார்.

"அதுக்குத்தான மச்சான் நான் இருக்கேன்," என்றேன். வாய்க்கொழுப்பு.

உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் விசேஷம். பாப்பாவுக்கு மொட்டை போட்டு, தாய்மாமனான என் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி காதில் ஊசியை வைத்ததும் அவள் போட்ட சத்தத்தில் எனக்கே கண்ணீர் வந்துவிட்டது.

போட்டோகிராபர் கொடுத்த படங்கள் அத்தனையும் அநியாயக் கனம். மச்சான் போனில் ஒன்று இறங்குவதற்குள் அவர் ஷிப்டே முடிந்துவிடும். அதனால் ஒரு வெப் பக்கம் செய்தேன். ஒவ்வொரு படத்தையும் மூன்று அளவில் வைத்தேன். திரை எவ்வளவு அகலம் என்று பார்த்து, அதற்குப் பொருந்துகிற படம் மட்டும் போகும். விரலால் தள்ளத் தள்ளத்தான் அடுத்தது இறங்கும். இவ்வளவுக்கும் ஒரு கைப்பிடி ஜாவாஸ்கிரிப்ட் வரிகள் போதும். போனுக்கான சின்னப் படத்தில் முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமே என்று, ஓரங்களை வெட்டி நடுப்பகுதியை மட்டும் எடுக்கும்படி எழுதியிருந்தேன். பக்கத்தின் லிங்கை மச்சானுக்கு அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் மச்சான் கூப்பிட்டார். "சடசடன்னு வந்துருச்சு மாப்ள. கெட்டிக்காரன்யா நீ. பாப்பா அழுகுறதக்கூடப் பாத்துட்டேன்." பிறகு கேட்டார்: "உங்க அக்கா வரலையா?"

"என்ன மச்சான் இப்பிடிக் கேக்குறீங்க? கூடவேதான நின்னுச்சு."

"ஒரு படத்துலயும் இல்லயேடா."

என் போனில் திறந்து பார்த்தேன். அதுவரை வேகத்தைத்தான் சோதித்திருந்தேன், படத்தைப் பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டுக் காதுகுத்தில் நடு இடம் தாய்மாமனுக்கு. பெற்றவள் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாகத்தான் நிற்பாள். நான் எழுதிய அந்த ஒரு வரி படத்துக்குப் படம் அவளை வெட்டி எறிந்திருந்தது. திரை முழுக்க மாலையும் கழுத்துமாக என் மூஞ்சி. சீ என்றாகிவிட்டது.

உடனே உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் எந்த இடத்தை வெட்டாமல் வைக்க வேண்டும் என்று கையாலேயே குறித்தேன். அக்காவும் பாப்பாவும் உள்ளே வந்தார்கள். என்னில் மடி மட்டும் மிஞ்சியது. ஒரு படத்தில் அழுகிற பிள்ளையின் வாயில் சர்க்கரை வைக்க அக்கா குனிந்திருந்தாள். "இப்பப் பாருங்க மச்சான்" என்று செய்தி அனுப்பினேன்.

பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. முதலில் வெறும் காற்றுச் சத்தம்.

"உங்க அக்கா ரொம்ப எளச்சுப் போயிருக்கா மாப்ள. கழுத்தெலும்பு தெரியுது. சாப்புடுறாளா இல்லையா? எங்கிட்ட யாருமே சொல்லலையே."

கீழே இறங்கிப் போனேன். அடுப்படியில் அக்கா பாப்பாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். ஆமாம், கழுத்தெலும்பு தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் கவனிக்கவே இல்லை.

"நீ சாப்ட்டியாக்கா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னடா, புதுசாக் கேக்குற?" என்றாள்.